தப்புக்குச் சொந்தக்காரர்கள்

ஒரு வாரமாக எங்கள் முதலாளி செங்கோட்டையனுக்குக் கோபமே வரவில்லை என்றதும் கம்பெனியே பயந்துவிட்டது. ஆளுக்கு உடம்பு சரியில்லையோ, ஆர்டர் போய்விட்டதோ, கம்பெனியை விற்கப் போகிறாரோ என்று டீக்கடையில் ஆளுக்கொன்றாகப் பேசினார்கள். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. ஊட்டிப் பக்கம் ஏதோ ஒரு ரிசார்ட்டில் தலைமைப்பண்புப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். கோபம் வந்தால் மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, மெல்ல வெளியே விட்டு, அப்புறம் சிரிக்க வேண்டுமாம். அவர் முதல் தடவை சிரித்ததைப் பார்த்த அதிர்ச்சியில் அயர்னிங் மொக்கைச்சாமி ஒரு பனியனைத் தீய்த்துவிட்டார்.

நான் சாயிரா பானு. அருள்புரத்தில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனியில் கைமடி. டெய்லர் மெஷினில் தைப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பீஸை எடுத்து நீட்டி, லேபிள் கொடுத்து, தைத்ததை வாங்கி மடித்து அடுக்குகிறவள் கைமடி. எங்கள் ஊரில் புருஷன் டெய்லர், பெண்டாட்டி கைமடி என்று ஜோடியாக வேலைக்குச் சேர்வது சகஜம். என் டெய்லர் இலியாஸ். என் வீட்டுக்காரரும் அவர்தான். பகல் முழுக்க அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பேன். ஒரு மனிதரை இத்தனை கிட்டத்தில் இருந்து இத்தனை வருஷம் பார்க்கக் கூடாது. மரியாதை தேய்ந்துவிடும்.

முதலாளி தான் பெற்ற இன்பத்தை எங்களுக்கும் தர நினைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேக்கிங் ஹாலில் பயிற்சி. அரை ஷிப்ட் சம்பளமும் சமோசாவும் உண்டு என்றதும் ஹால் நிரம்பி வழிந்தது. ரித்தீஷ் என்ற பயிற்சியாளர் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கன்னத்தில் ஒட்டிய மைக்கில் முழங்கினார்.

“உங்க ஒவ்வொருத்தருக்குள்ளேயும் ஒரு சிங்கம் தூங்கிக்கிட்டிருக்கு!”

எனக்குப் பக்கத்தில் செக்கிங் ராமுத்தாய் உட்கார்ந்திருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, மனதில் பட்டதை வாயில் நிறுத்தி வைக்கத் தெரியாதவள். “தூங்கட்டும்யா. ஒன்னர ஷிப்டு பாத்துட்டு இப்பத்தேன் படுத்திருக்கும். எழுப்பிவிடாத” என்றாள்.

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இலியாஸ் மட்டும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, கண் கலங்க, சிங்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நோய் அன்றைக்குத்தான் தொற்றியது.

மறுநாளிலிருந்து காலையில் மெஷின் ஓடுவதற்கு முன்னால் ஒரு மீட்டிங். யாராவது ஒரு தொழிலாளி ஊக்கமாகப் பேச வேண்டும். இலியாஸ் அட்டைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறிப் பேசினார். ‘வெற்றி’ என்றார், ‘விடியல்’ என்றார், ‘உன்னை நீயே செதுக்கு’ என்றார். பூண்டியில் சிலை செதுக்குகிறவர்கள்கூட இவ்வளவு சத்தம் போடுவதில்லை. வீட்டிலும் விடவில்லை. எங்கள் மகள் ரைசா ஒரு நாள், “அத்தா, கொழம்புல உப்பில்ல” என்றாள். “பிரச்சினையோட வராத கண்ணு, தீர்வோட வா” என்றார். அவள் எழுந்து போய் உப்பு டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

இந்தச் சமயத்தில்தான் முதலாளி ஒன்று அறிவித்தார். இனிமேல் சூப்பர்வைசர் என்று யாரும் நின்று கத்த மாட்டார்கள். ஒவ்வொரு லைனுக்கும் அதே லைனிலிருந்து ஒரு லீடர். சட்டையில் பேட்ஜ், கையில் மாதச் சம்பளம்.

எனக்கு அந்த வேலை வேண்டும் என்று இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? கைமடியாகச் சேர்ந்தவள் கைமடியாகவே வீட்டுக்குப் போவாள். அதற்கு மேலே ஏற ஏணி கிடையாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் இலியாஸ் தொழுகைக்குப் போனால் அவருடைய ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து நான்தான் தைப்பேன். கணக்கு அவர் பேரில் ஏறும். லைனில் யாரை அதட்டினால் வேலை நடக்கும், யாருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அறிவிப்பு வந்த அன்று சாயங்காலமே அவரிடம் சொன்னேன்.

“ஏனுங்க, லீடர் வேலையை நான் கேக்கலாம்னு இருக்கறனுங்க.”

“ஆசைப்படறது நல்லதுதான் பானு. ஆனா லீடர்னா தொலைநோக்கு வேணும்” என்றார்.

மறுநாள் காலை பெட்டி மேல் ஏறி, ‘தலைவன் பிறப்பதில்லை, எழுகிறான்’ என்று பேசி, அங்கேயே எழுந்தும் விட்டார். முதலாளி பேட்ஜைக் குத்திவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

லீடர் ஆனாலும் மெஷினிலும் உட்கார வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அதனால் நான் பழையபடி இடப்பக்கம். அப்போது எங்கள் கம்பெனியில் இரண்டு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று போலந்துக்கு, இன்னொன்று செக் நாட்டுக்கு. பனியனை எப்படித் துவைக்க வேண்டும், தேய்க்க வேண்டும் என்று அவரவர் மொழியில் அச்சடித்த சின்ன லேபிள் உண்டு. அதைப் பக்கவாட்டுத் தையலுக்குள் வைத்துத் தைக்க வேண்டும். எங்கள் லைன் போலந்து. லேபிள் தீர்ந்ததும் இலியாஸ் லீடர் என்ற முறையில் தானே ஸ்டோருக்குப் போனார். மறுநாள் பெட்டி மேல் பேசப் போவதை உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஒரு கட்டு கொண்டுவந்து என் மடியில் போட்டார். பிரித்துப் பார்த்தேன்.

“ஏனுங்க, பழைய லேபிள்ல எழுத்துக்கு அடியில வால் இருந்துச்சு. இதுல தலை மேல கொம்பாட்ட இருக்குது. ஒருக்கா கேட்டுட்டு வாங்களே.”

“வாலையும் கொம்பையும் பாக்காத பானு. இலக்கைப் பாரு. எதுக்கெடுத்தாலும் கேள்வி கேக்கறது நெகட்டிவ் மைண்டு.”

லீடர் சொல்லைப் புருஷனிடம் முறையிடலாம், புருஷன் சொல்லை லீடரிடம் முறையிடலாம். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் எங்கே போவது? லேபிளை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். அவர் விடியலைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே தைத்துத் தள்ளினார்.

சனிக்கிழமை காலையில் ராமுத்தாய்தான் கண்டுபிடித்தாள். ஒப்புதலான சாம்பிள் பீஸையும் எங்கள் பீஸையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு, “ஏ பானு, ஒங்க லைன் பூராம் செக்கு நாட்டுக்காரன் லேபிளு புள்ள” என்றாள். அதற்குள் பாதிச் சரக்கு பெட்டிக்குள் போயிருந்தது. தூத்துக்குடிக் கப்பலுக்குத் திங்கட்கிழமை சாயங்காலம் லாரி.

முதலாளி வந்தார். லேபிளைப் பார்த்தார். மூச்சை உள்ளே இழுத்தார். ரொம்ப நேரம் அதை வெளியே விடவில்லை. முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது.

“நான் ஆரையும் திட்ட மாட்டேன்,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. “இதுக்கு ஆரு பொறுப்பெடுத்துக்கறீங்க?”

லைன் மொத்தமும் இலியாஸைப் பார்த்தது. ‘பொறுப்பேற்பவனே தலைவன்’ என்று அன்று காலையில்தான் பெட்டி மேல் நின்று பேசியிருந்தார். இலியாஸ் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார், கீழே தரையைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“லேபிள் எடுத்துக் குடுக்கறது கைமடி வேலைங்க சார். கைமடிதான் பாத்துக் குடுத்திருக்கோணும்.”

பானு என்று சொல்லவில்லை, என் சம்சாரம் என்றும் சொல்லவில்லை. கைமடியாம். யாரோ ஊர் பேர் தெரியாதவளைக் காட்டிக் கொடுப்பதுபோல் கையைக்கூட நீட்டினார். எனக்கு அழுகை வரவில்லை. வந்தது ஆத்திரம். அத்தனை பேர் முன்னால் ‘நீங்கதானே கொண்டாந்தீங்க’ என்று மல்லுக்கு நின்றால் அது புருஷன் பெண்டாட்டி சண்டையாகி, நாளைக்கு டீக்கடைக்குத் தீனியாகும். வேலையும் வேண்டாம், பக்கத்து ஸ்டூலும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. சாப்பாட்டுப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“ஆமாங்க சார், நாந்தானுங்க. வேற ஆரையும் கேக்க வேண்டாமுங்க. நான் கெளம்பறனுங்க.”

முதலாளி என்னையே பார்த்தார். இழுத்து வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. கண்ணில் தண்ணீர். கையைத் தட்டினார்.

“இதைத்தானம்மிணி ரித்தீஷ் சார் சொன்னாரு! தப்பை ஏத்துக்கறதுக்கு ஒரு தைரியம் வேணும், அவங்கதான் தலைவர்னு சொன்னாரா இல்லியா? இலியாசு, அந்த பேட்ஜைக் கழட்டிக் குடுங்க. இனி அம்மிணிதான் லைன் லீடர்.”

செய்யாத தப்புக்கு வேலை போகும் என்று கிளம்பினால், செய்யாத தப்புக்கு வேலை உயர்ந்துவிட்டது. நான் பையோடு அப்படியே நின்றேன். இலியாஸ் சட்டையிலிருந்து பேட்ஜைக் கழற்றும்போது ஊசி விரலில் குத்தியது. குத்தட்டும் என்று நினைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் கம்பெனி முழுக்க ஒரு ஞானம் பரவிவிட்டது. தப்பை ஒத்துக்கொண்டால் பதவி. முதலில் ஆபீஸ் ரூமுக்குள் ஓடியவர் இலியாஸ்.

“சார், மனசாட்சி உறுத்துதுங்க. அந்தக் கட்டைக் கொண்டாந்தது நாந்தானுங்க. தப்பு என்னுது.”

அவர் வெளியே வருவதற்குள் கட்டிங் மாஸ்டர் உள்ளே போனார். துணியை வெட்டிக் கொடுத்ததே தான்தான், வெட்டாமல் இருந்திருந்தால் இந்தத் தப்பு நடந்தே இருக்காது என்றார். அடுத்து மொக்கைச்சாமி. அவர் அந்த வாரம் கோயில் கொடைக்குச் சொந்த ஊர் போயிருந்தவர்.

“நீங்கதான் ஊருலயே இல்லீங்களே?” என்றார் முதலாளி.

“அதேன் மொதலாளி தப்பு. நான் இருந்திருந்தா கண்டுபிடிச்சிருப்பேன்ல?”

ஒடிசாவிலிருந்து வந்த டெய்லர் ஒருவரும் வரிசையில் நின்று, “மேரா கல்தி, சார்” என்றார். எந்தத் தப்பு என்று கேட்டதற்கு, “ஜோ பி ஹை” என்றார். எதுவாக இருந்தாலும் சரியாம். துணி இறக்க வந்திருந்த லாரி டிரைவர்கூட எட்டிப் பார்த்தார்.

ராமுத்தாய் இடுப்பில் கைவைத்து வரிசையைப் பார்த்தாள். “இத்தன பேரு சேந்தா இந்தத் தப்பப் பண்ணீக? நம்ம கம்பெனில இம்புட்டு ஒத்துமையா ஒரு வேலையும் நடந்ததில்லையேப்பா!”

முதலாளிக்குத் தலை சுற்றியது. தலைவர்கள் ஏகப்பட்ட பேர், பேட்ஜ் ஒன்று. “யோசிச்சுச் சொல்றேன்” என்று, எனக்கு இன்னும் குத்திவிடாமல் கையில் வைத்திருந்த அதைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை. இரண்டாவது தடவையும் அதே ஆள் அதே வேலையைத் தட்டிப் பறிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. நேரே உள்ளே போனேன்.

“சார், தப்பை ஆரு வேணா வெச்சுக்கட்டுங்க. எனக்கு வேண்டாம். ஆனா அத்தனை பீஸையும் பிரிச்சு, லேபிள் மாத்தித் தெச்சாகோணுமுங்க. தப்பு என்னுதுன்னு சொன்னவங்க எல்லாத்தையும் நாளைக்கு ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. அவங்க தப்புதானுங்களே, சம்பளம் எதுக்கு?”

முதலாளியின் முகம் மலர்ந்தது. சம்பளம் இல்லை என்ற சொல் எந்தப் பயிற்சிக்கும் முன்னாலிருந்தே அவருக்குப் பிடித்தது. “சரியாச் சொன்னீங்கம்மிணி. திங்கக்கிழமை பெட்டியை லாரில ஆரு ஏத்தறாங்களோ, அவங்களுக்குத்தான் பேட்ஜு.”

செய்தி வெளியே போனதும் தப்பு அநாதையாகிவிட்டது. கட்டிங் மாஸ்டருக்கு மடத்துக்குளத்தில் ஒரு கல்யாணம் இருப்பது ஞாபகம் வந்தது. மொக்கைச்சாமி, ஊரிலேயே இல்லாதவன் எப்படித் தப்புப் பண்ண முடியும் என்று என்னிடமே நியாயம் கேட்டார். ஒடிசாக்காரருக்கு மட்டும் யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

இலியாஸ் பின்வாங்கவில்லை. அதற்கு அவசியமும் இல்லை என்பது வீட்டில்தான் தெரிந்தது. தோசை ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

“நாளைக்கு வர்றீங்கல்ல?”

“நாளைக்குப் பல்லடத்துல ரித்தீஷ் சார் புரோகிராம் இருக்குது பானு. நான் தப்பை ஒத்துக்கிட்டதைக் கேள்விப்பட்டு அவரே போன் பண்ணி, பேசக் கூப்பிட்டாரு.”

“என்னன்னு பேசறீங்க?”

“‘என் தவறு, என் பொறுப்பு.’”

தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். வைத்தது நல்லதாகப் போயிற்று.

“அப்ப, பிரிக்கறது?”

“ஏத்துக்கறது வேற, பிரிக்கறது வேற. எல்லாத்தையும் தானே செய்யறவன் தலைவன் இல்ல. வேலையைப் பகிர்ந்து குடுக்கோணும்.”

“ஆருக்கு?”

அவர் என்னை மிகுந்த பாசத்தோடு பார்த்தார். ரைசா வாய்விட்டுச் சிரித்தாள். “அந்த வெள்ளைச் சட்டைய மட்டும் கொஞ்சம் தேச்சு வெச்சிரு” என்றார். அதையும் யாருக்காவது பகிர்ந்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். கசங்கிய சட்டையோடுதான் மேடைக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நான் கம்பெனிக் கதவைத் திறந்தபோது ராமுத்தாய் வாசலில் நின்றாள். அவள் எந்தத் தப்புக்கும் சொந்தம் கொண்டாடியவள் இல்லை. “நீ ஒத்தையில கெடந்து சாவியேன்னுதேன் வந்தேன்” என்றாள். செக்கிங்கிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள், வீட்டில் போரடிக்கிறது என்று பொய் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒடிசாக்காரரும் வந்தார். முதலாளிக்குப் போன் போட்டு, வந்தவர்களில் யாரும் தப்புப் பண்ணவில்லை, இவர்களுக்குச் சம்பளம் உண்டு என்றால்தான் மெஷின் ஓடும் என்றேன். போனில் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. சரி என்றார்.

தையலைப் பிரித்து, லேபிளை உருவி, புதியதை வைத்து மறுபடி தைக்க வேண்டும். துணி கிழியக் கூடாது. நான் இலியாஸின் மெஷினில் உட்கார்ந்தேன். ராமுத்தாய் எனக்குக் கைமடி. வேலை ஒழுங்காக ஓடியது. மத்தியானம் போனை நோண்டிய ராமுத்தாய், “ஏ, ஒன் வீட்டுக்காரரு மேடையில அழுகிறாருடி” என்று காட்டினாள். ஸ்டேட்டஸில் வந்திருந்தது. கசங்கிய சட்டையில் இலியாஸ் உருக்கமாகப் பேசினார். “என் மனைவி பயந்து நடுங்குனா. நான் முன்னால போய் நின்னேன். தப்பு என்னுதுன்னேன்.” கூட்டம் எழுந்து நின்றது.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கை ஓடவில்லை. சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றவள் நான். என்னை நடுங்க வைத்து அவர் கை தட்டல் வாங்கிக்கொண்டிருந்தார். பேட்ஜ் போனதைவிட இதுதான் வலித்தது. ராமுத்தாய் போனை இடுப்பில் செருகி, அடுத்த பீஸை நீட்டினாள்.

திங்கட்கிழமை காலையில் நாலு பெட்டி பாக்கி. வந்ததும் வராததுமாக மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். முதலாளிக்கும் அந்த வீடியோ போயிருந்தது. “இலியாசு, பல்லடத்துல பேசினதை இங்கயும் பேசுங்க” என்றார். இலியாஸ் பெட்டி மேல் ஏறினார். நிதானமாக ஒவ்வொரு படியாகச் சொல்லி, நான் நடுங்கிய இடத்துக்கு வந்தார்.

“அப்ப நான் சொன்னேன், தப்பு என்னு—”

“ஏனுங்க,” என்றேன் மெஷினில் இருந்தபடியே. “அந்தத் தப்பு இன்னும் நாலு பெட்டி பாக்கி இருக்குது. எறங்கி வந்து பிரிங்க.”

இலியாஸ் சிரிக்கப் பார்த்தார். “மீட்டிங் முடியட்டும் பானு.”

“மீட்டிங் முடிஞ்சுதுங்க. சாயங்காலம் லாரி.”

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், மூச்சை இழுத்தார். இந்தத் தடவை அது உள்ளே நிற்கவில்லை.

“எறங்குய்யா கீழ! கப்பல் என்ன உன்ற மாமன் ஊட்டுக் கப்பலா, காத்துக்கிட்டு நிக்க?”

கம்பெனிக்கே உயிர் வந்த மாதிரி இருந்தது. எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தன. முதலாளி சட்டைப் பையிலிருந்து பேட்ஜை எடுத்து என் மெஷின் மேல் வைத்துவிட்டு, வேறு யாரையோ திட்டப் போனார். லாரி வரும்வரை அவர் பொறுக்கவில்லை. அதை எடுத்துக் குத்திக்கொள்ள எனக்கும் நேரமில்லை. நூல் பிசிறுகளோடு பிசிறாக அது அங்கேயே கிடந்தது.

இலியாஸ் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் எழுந்திருக்கவில்லை. செக்கிங் டேபிளைக் காட்டினேன். போய் உட்கார்ந்தார். ராமுத்தாய் அவர் முன்னால் ஒரு குவியலைக் கொட்டி, நூல் வெட்டும் ட்ரிம்மரைக் கொடுத்தாள். மனிதர் நன்றாகத் தைப்பார், பிரித்துப் பழக்கமில்லை. அதெல்லாம் நான் செய்து வந்த வேலை. வேகத்தைக் காட்டுகிறேன் என்று இழுத்து வெட்டியதில் மூன்றாவது பீஸிலேயே துணியில் விரல் நுழைகிற ஓட்டை.

ராமுத்தாய் பீஸைப் பிடுங்கி ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். “யாரு வெட்டுனது இத?”

இலியாஸின் தலை சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. வாய்கூடத் திறந்துவிட்டது. அங்கே ஒரு தூணும் குடிதண்ணீர்க் கேனும்தான் இருந்தன. தலையை மெல்லத் திருப்பினார். எதிரே மெஷினில் நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் இப்போது தூணைக் காட்டினாலும் காட்டுவார் என்று நினைத்தேன்.

“நாந்தான்,” என்றார். ராமுத்தாய்க்கே சரியாகக் கேட்டிருக்காது.

“மெஷின் சத்தத்துல கேக்கலீங்க,” என்றேன் நான்.

“நாந்தான் வெட்டிப்போட்டேன்!”

லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் காது மடல் சிவந்திருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் வாயிலிருந்து முதல் தடவையாகக் கைதட்டலுக்காக அல்லாமல் ‘நாந்தான்’ என்ற சொல் வந்திருக்கிறது.

“சரி, அடுத்த பீஸை எடுங்க,” என்றேன்.